1929ஐ அழைத்தால் அப்புறம் என்ன? சிறுவர் பாலியல் துஷ்பிரயோகத்தைத் தடுக்கத் திருகோணமலையில் எந்தக் கதவைத் தட்டுவது

சிறுவர் துஷ்பிரயோகச் செய்தி ஒன்று வெளிவரும் ஒவ்வொரு தடவையும் முகநூலில் அதே படம் சுற்றத் தொடங்கும்: "1929ஐ அழையுங்கள்." தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் அது, சரிதான். ஆனால் அழைத்தால் பெயர் கேட்பார்களா, மறுநாள் வாசலில் பொலிஸ் ஜீப் வந்து நிற்குமா, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்களா என்று அந்தப் படம் சொல்வதில்லை. இதற்கெல்லாம் பதில் தெரியாமல்தான் பலர் இலக்கத்தைப் போனில் சேமித்து வைத்துக்கொண்டு, அழைக்காமலே இருந்துவிடுகிறார்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. பிரதேச செயலகத்தில் கேட்டால் பொலிசுக்குப் போகச் சொல்கிறார்கள், பொலிசில் கேட்டால் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்கிறார்கள். இது அலைக்கழிப்பாகத் தெரியும். சில வேளை அலைக்கழிப்பேதான். ஆனால் ஒவ்வோர் அலுவலகத்துக்கும் உள்ள வேலை வேறு. எது எதற்கு என்று தெரிந்துவிட்டால் பாதி அலைச்சல் குறையும்.

முதலில் சொற்கள்

இலங்கை 1991இல் ஐ.நா.வின் சிறுவர் உரிமைகள் சமவாயத்தை ஏற்றுக்கொண்டது. அதன்படி 18 வயதுக்குக் குறைந்தவர் எல்லாரும் சிறுவர். பெண் பிள்ளைக்கு 16 வயது நிறையாதபோது, அவளுடைய "சம்மதம்" சட்டத்தின் முன் சம்மதமே ஆகாது. "இரண்டு பேரும் விரும்பித்தானே போனார்கள்" என்ற வாதம் இங்கே எடுபடாது.

1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை 1995இல் பெரிதாகத் திருத்தப்பட்டபோது, பாலியல் குற்றங்கள் பல தனித்தனியாக வரையறுக்கப்பட்டன. செய்திகளில் அடிக்கடி வரும் மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும்.

1. பாலியல் வல்லுறவு. சட்டத்தில் இது பெண்ணுக்கு எதிரான குற்றம் என்றே எழுதப்பட்டிருக்கிறது. பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் தண்டனை 10 முதல் 20 ஆண்டுவரை. குறைந்தபட்சத் தண்டனை நீதிபதியின் கையைக் கட்டிப்போட முடியாது என்று 2008இல் உயர் நீதிமன்றம் சொன்னது. "10 வருடம் என்றார்களே, ஏன் குறைத்தார்கள்" என்று சில தீர்ப்புகளைப் பார்த்து மக்கள் கோபப்படுவதற்கு இது ஒரு காரணம்.

2. பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம். வல்லுறவு என்ற வரையறைக்குள் வராத பாலியல் செயல்கள் இதில் அடங்கும். ஆண் பிள்ளைகளுக்கு நடப்பதும் இந்தப் பிரிவில்தான் வருகிறது. "பெடியனுக்கு நடந்ததற்குச் சட்டம் இல்லை" என்று இன்னும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். தவறு. சட்டம் இருக்கிறது, தண்டனையும் கடுமையானது.

3. பாலியல் தொந்தரவு. சொல்லாலோ செயலாலோ செய்யும் சீண்டல். மற்ற இரண்டையும்விடத் தண்டனை குறைவு, ஆனாலும் இதுவும் குற்றம்தான்.

நாலாவதாக ஒரு விஷயத்துக்குத் தமிழில் பொருத்தமான ஒற்றைச் சொல் இன்னும் நிலைக்கவில்லை: குற்றம் செய்வதற்கு முன் ஒருவர் பிள்ளையையும் குடும்பத்தையும் மெல்ல மெல்லத் தன்பக்கம் இழுப்பது. "வசப்படுத்தல்" என்று வைத்துக்கொள்ளலாம். தடுப்பு வேலையில் பெரும்பகுதி இந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது.

வசப்படுத்தல் எப்படி நடக்கிறது

யுனிசெப் 2024இல் வெளியிட்ட கணக்கின்படி, இன்று உயிரோடிருக்கும் பெண்களிலும் சிறுமிகளிலும் 37 கோடிக்கு மேற்பட்டோர், அதாவது எட்டில் ஒருவர், 18 வயதுக்கு முன் வல்லுறவையோ பாலியல் தாக்குதலையோ அனுபவித்தவர்கள். செய்தவர்களில் பெரும்பாலானோர் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்தவர்கள். "முன்பின் தெரியாதவனோடு போகாதே" என்று மட்டும் சொல்லி வளர்ப்பது, முன் கதவைப் பூட்டிவிட்டுக் குசினிக் கதவைத் திறந்து வைப்பது போலத்தான்.

ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தாய் குவைத்தில் வேலை. தகப்பன் கடலுக்குப் போகிறார். பிள்ளைகள் அம்மம்மாவோடு. பக்கத்து வீட்டு "மாமா" ஒருவர் உதவுகிறார்: டியூசனுக்கு ஏற்றி இறக்குகிறார், போனுக்கு ரீலோட் போட்டுக் கொடுக்கிறார், பெருநாளுக்கு உடுப்பு எடுத்துத் தருகிறார். எல்லாரும் அவரைப் புகழ்கிறார்கள். பிறகு பிள்ளையோடு தனியாக இருக்கும் நேரம் கூடுகிறது. "இது நம் இரண்டு பேருக்குள் இருக்கட்டும்" என்று சின்னச் சின்ன ரகசியங்கள் வருகின்றன. தொடுவது விளையாட்டாகத் தொடங்குகிறது. கடைசியில், "சொன்னால் உன் உம்மாவைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்" என்ற மிரட்டல்.

உதவி செய்யும் எல்லாரும் இப்படிப்பட்டவர்கள் இல்லை. பெரும்பாலானோர் நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். கவனிக்க வேண்டியவை மூன்று: தனிமை, ரகசியம், பெரியவர்களுக்குத் தெரியாமல் வரும் பரிசு. மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால், ஆள் யாராக இருந்தாலும், ஆசிரியரோ ஐயரோ மௌலவியோ பாதரோ பயிற்றுநரோ, கேள்வி கேட்கலாம். ஒருவரைக் குற்றவாளி என்று சொல்லாமலே கேட்கக்கூடிய கேள்விகள் உண்டு. "வகுப்பை முன் அறையில் கதவைத் திறந்து வைத்து நடத்துங்கள்" என்று சொன்னால் நல்ல ஆசிரியர் கோபிக்க மாட்டார்.

கடற்கரைப் பக்கம் இன்னொரு வழி. உப்புவெளி, நிலாவெளி விடுதிகளைச் சுற்றிச் சிப்பி மாலை விற்கும், வழிகாட்டும் பிள்ளைகளிடம் வெளியாட்கள் "நட்பு" கொள்வது. தன் இடம் சிறுவர் துஷ்பிரயோகத்துக்குப் பயன்படுவதை அறிந்த உரிமையாளர் அல்லது பொறுப்பாளர் பொலிசுக்கு அறிவிக்க வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுத் திருத்தம் கட்டாயப்படுத்துகிறது. கணினிச் சேவை கொடுப்பவர்களுக்கும் அதே மாதிரிக் கடமை உண்டு. விடுதி ஊழியர்களில் எத்தனை பேரிடம் யாராவது இதைச் சொல்லியிருப்பார்கள்?

எந்தக் கதவு எதற்கு

1. 1929

தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலவச இலக்கம். சபை 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. 24 மணி நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம். உங்கள் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. ஆதாரமும் தேவையில்லை, சந்தேகம் போதும். உண்மையா பொய்யா என்று கண்டுபிடிப்பது அழைப்பவரின் வேலை இல்லை.

அழைத்ததும் ஜீப் கிளம்பி வராது. விவரத்தைப் பதிந்து, மாவட்டத்திலோ பிரதேசத்திலோ உள்ள சிறுவர் பாதுகாப்பு உத்தியோகத்தருக்கு அல்லது பொலிசுக்கு அனுப்புவார்கள். ஆகவே நீங்கள் கொடுக்கும் விவரம் எவ்வளவு தெளிவோ அவ்வளவு வேகமாக வேலை நடக்கும். கிராம உத்தியோகத்தர் பிரிவு, பாடசாலை, பிள்ளையின் வயது, வீட்டில் யார் யார், சந்தேகப்படும் ஆள் இப்போதும் பிள்ளையோடு இருக்கிறாரா: இந்த ஐந்தையும் ஒரு துண்டில் எழுதி வைத்துக்கொண்டு அழையுங்கள். முறைப்பாட்டு இலக்கம் இருந்தால் கேட்டு வாங்குங்கள். ஒரு வாரம் கழித்துத் திரும்பக் கேட்க அதுதான் பிடி.

2. பிரதேச செயலகம்

திருகோணமலை மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள். பட்டினமும் சூழலும், கிண்ணியா, மூதூர், குச்சவெளி, தம்பலகாமம், வெருகல் என்று நீங்கள் எந்தப் பிரிவில் இருந்தாலும் செயலகத்தில் சிறுவர் விடயத்தைக் கவனிக்கும் உத்தியோகத்தர்கள் இருப்பார்கள்: சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், சிறுவர் பாதுகாப்பு உத்தியோகத்தர், உளசமூக உத்தியோகத்தர் என்று பதவிப் பெயர்கள் பல. பெயரை நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. "சிறுவர் விடயம் பார்ப்பவர் யார்" என்று கேட்டால் காட்டுவார்கள்.

இன்னும் எதுவும் நடக்கவில்லை, ஆனால் மனசுக்குச் சரியாகப் படவில்லை என்ற நிலையில் போக நல்ல இடம் இதுதான். வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள், பாடசாலையோடு பேசுவார்கள். இந்தக் கதவை மக்கள் பாவிப்பது குறைவு. செயலகம் என்றால் காணி, கொடுப்பனவு, சான்றிதழ் என்றே நமக்குப் பழகிவிட்டது.

3. ஆஸ்பத்திரி

ஏதாவது நடந்துவிட்டது என்றால் பொலிசுக்கு முன்பே ஆஸ்பத்திரிக்குப் போகலாம். பொலிஸ் கடிதம் இல்லாமல் போனாலும் சிகிச்சை கிடைக்க வேண்டும். பொலிசுக்கு அறிவிப்பதை ஆஸ்பத்திரியே செய்யும். வாகனம் இல்லையென்றால் 1990 இலவச அம்புலன்ஸ்.

நேரம் முக்கியம். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். கர்ப்பத்தைத் தடுக்கும் அவசர மாத்திரையும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பிள்ளையைக் குளிப்பாட்டாமல் கொண்டுவருவதும், அணிந்திருந்த உடுப்பைக் கழுவாமல் கடதாசிப் பையில் போட்டு வருவதும் சாட்சியத்துக்கு உதவும். பொலித்தீன் பை வேண்டாம், ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும். ஏற்கெனவே குளிப்பாட்டியாயிற்று, நாலு நாள் ஆகிவிட்டது என்றாலும் போங்கள். சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனை உடம்புக் காயத்தை மட்டும் பார்ப்பதில்லை. அதோடு, காயம் இல்லை என்றால் எதுவும் நடக்கவில்லை என்று பொருள் இல்லை. பெரும்பாலான பிள்ளைகளின் உடம்பில் எந்த அடையாளமும் இருக்காது.

"நட்பு நிலையம்" என்ற பெயர்ப்பலகையை அரசாங்க ஆஸ்பத்திரிகள் பலவற்றில் காணலாம். வன்முறைக்கு உள்ளானவர்களோடு தனியாக இருந்து பேசும் இடம் அது. தாயும் வீட்டில் அடி வாங்குகிறவர் என்றால் அவருக்கும் அங்கே உதவி உண்டு.

4. பொலிஸ்

உடனடி ஆபத்து என்றால் 119. மற்றபடி நிலையத்தின் சிறுவர், மகளிர் பிரிவு. அங்கே பெண் உத்தியோகத்தர் வாக்குமூலம் எடுக்கும்படி கேளுங்கள்.

திருகோணமலையில் தனியாகச் சொல்ல வேண்டியது மொழி. தமிழில் முறைப்பாடு கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. 1987இல் வந்த 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழி ஆக்கியது. நடைமுறையில் தமிழில் சொல்வதைச் சிங்களத்தில் எழுதிவிட்டுக் கையெழுத்துக் கேட்பது நடக்கிறது. பாலியல் குற்றத்தில் ஒரு சொல் மாறினால் வழக்கே மாறிவிடும். "தொட்டார்" என்பதும் "பிடித்தார்" என்பதும் ஒன்றில்லை. எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். இதற்காகச் சண்டை பிடிக்க வேண்டாம், "விளங்கிக்கொண்டு வைக்கிறேன்" என்று சொன்னால் போதும்.

5. நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களம்

இது மாகாண சபையின் கீழ் வருவது. பிள்ளை எங்கே, யாரோடு இருப்பது பாதுகாப்பு என்று நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுப்பது இவர்கள். "பிள்ளையைப் பறித்துவிடுவார்கள்" என்ற பயம் இந்தக் கட்டத்தைப் பற்றியதுதான். குற்றம் செய்தவர் அதே வீட்டில் இருந்தால் பிள்ளையை வேறிடத்தில் வைக்க நீதிமன்றம் கட்டளையிடலாம். 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தின்படி, தகுந்த ஓர் ஆளிடம் ஒப்படைக்கவும் முடியும். பெரியம்மாவோ மாமியோ பொறுப்பேற்கத் தயார் என்றால் அதை முதல் நாளே நன்னடத்தை உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். யாரும் சொல்லாவிட்டால்தான் சிறுவர் இல்லம் என்ற தெரிவு முன்னுக்கு வரும்.

6. சட்ட உதவி

வழக்கை நடத்துவது அரசாங்கம், ஆகவே வக்கீல் இல்லாமலும் வழக்கு நடக்கும். ஆனாலும் பிள்ளையின் பக்கம் நின்று கவனிக்க ஒருவர் இருப்பது நல்லது. வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் கேட்கலாம். மிரட்டல் வந்தால், பாதிக்கப்பட்டவர்களையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் கைகொடுக்கும். மிரட்டுவதே அதன்கீழ் தனிக் குற்றம்.

முறைப்பாட்டுக்குப் பிறகு

வரிசை இதுதான்: வாக்குமூலம், மருத்துவப் பரிசோதனை, நீதவான் நீதிமன்றத்துக்கு அறிக்கை, சந்தேகநபர் கைதானால் விளக்கமறியல் அல்லது பிணை, விசாரணைக் கோவை சட்டமா அதிபர் திணைக்களத்துக்கு, அங்கிருந்து குற்றப்பத்திரம், பிறகு மேல் நீதிமன்றம். நடுவில் வருடக்கணக்கில் காத்திருக்க நேரிடலாம். ஒன்பது வயதில் சொன்னதைப் பதினைந்து வயதில் திரும்பச் சொல்ல வேண்டி வரும்.

அதற்காகவே 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம் ஒரு வழி வைத்தது. பிள்ளையின் முதல் நேர்காணலை வீடியோவில் பதிந்து, அதைச் சாட்சியமாகக் கொடுக்கலாம். குறுக்கு விசாரணை இதனால் இல்லாமல் போகாது, ஆனால் ஞாபகம் மங்குமுன் சொன்னது பதிவாகிவிடும். எல்லா வழக்கிலும் இது தானாக நடப்பதில்லை, கேட்க வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடாத ஒன்று: பிள்ளையிடம் திரும்பத் திரும்ப விசாரிப்பது. அம்மா ஒரு தடவை, பெரியப்பா ஒரு தடவை, அதிபர் ஒரு தடவை என்று கேட்கக் கேட்க, பிள்ளை களைத்து ஏதாவது ஒன்றைச் சொல்லத் தொடங்கும். நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அது போதும். பிள்ளை சொன்னதை அதன் சொற்களிலேயே எழுதி, திகதி போட்டு வையுங்கள். "நீ சொன்னது நல்லது. உன்மேல் பிழை இல்லை." அந்த நேரத்தில் பிள்ளைக்கு வேண்டிய பேச்சு இவ்வளவுதான்.

"ஊருக்குள்ளேயே முடித்துக்கொள்வோம்"

கோயில் நிர்வாகமோ பள்ளிவாசல் நிர்வாகமோ ஊர்ப் பெரியவர்களோ நடுவில் நின்று, காசோ காணியோ வாங்கிக் கொடுத்து, அல்லது ஆளை ஊரைவிட்டு அனுப்பி "முடித்து வைப்பது" நடக்கிறது. சட்டப்படி இது முடிவதே இல்லை. வல்லுறவும் பாரதூரமான துஷ்பிரயோகமும் சமரசம் செய்யக்கூடிய குற்றங்களின் பட்டியலில் இல்லை. மத்தியஸ்த சபைக்கும் இதில் வேலை கிடையாது. குடும்பம் மன்னித்தாலும் குற்றம் அரசுக்கு எதிரானதாகவே நிற்கும்.

நடைமுறையில் இன்னும் மோசம். மூதூரிலிருந்து துரத்தப்பட்டவர் கந்தளாயில் டியூசன் வைப்பார், அங்கே யாருக்கும் எதுவும் தெரியாது. அடுத்த பிள்ளைக்கு நடப்பதில் முடித்து வைத்தவர்களுக்கும் பங்கு உண்டு என்பது என் கருத்து. பெரியவர்கள் நல்லது செய்ய நினைத்தால் குடும்பத்தோடு பொலிஸ் நிலையத்துக்கு நடந்து வரலாம். ஊரில் அதைவிடப் பெரிய ஆதரவு கிடையாது.

பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் விவரத்தை நீதிமன்ற அனுமதியின்றி வெளியிடுவதும் குற்றம். பிள்ளையின் படத்தை "நீதி வேண்டும்" என்று எழுதிப் பகிர்பவர்கள் நல்லெண்ணத்தில்தான் பகிர்கிறார்கள். அந்தப் பிள்ளை பத்து வருடம் கழித்தும் அதே ஊரில்தான் இருக்கப் போகிறது.

போன் வழியாக வருவது

ஒரு படத்தை அனுப்ப வைத்து, பிறகு அதை வைத்தே மிரட்டுவது இப்போது பதின்ம வயதினரிடம் அதிகம் கேள்விப்படும் முறை. காசு கொடுத்தால் நிற்காது, இன்னும் கேட்பார்கள். உரையாடலை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கணக்கின் பெயரையும் இணைப்பையும் குறித்துக்கொண்டு, அதன்பிறகு தடுங்கள். பிள்ளையின் படத்தை மட்டும் "ஆதாரம்" என்று இன்னொருவருக்கு அனுப்பாதீர்கள். அது தனிக் குற்றமாகிவிடும்.

18 வயதுக்குக் குறைந்தவரின் படத்தை நீக்க "டேக் இட் டவுன்" என்ற இலவசச் சேவை இருக்கிறது. அமெரிக்காவின் காணாமற்போன சிறுவர்களுக்கான தேசிய மையம் நடத்துவது. படம் போனைவிட்டு வெளியே போகாது. அதன் எண் அடையாளம் மட்டும் எடுக்கப்பட்டு, பேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டொக் போன்ற தளங்களில் தேடி நீக்கப்படும். இலங்கையில் "ஹிதவதி" என்ற சேவையும் இணையவழித் துன்புறுத்தலுக்கு வழிகாட்டுகிறது.

தன் எண்ணத்தைக் கண்டு தானே பயப்படுபவர்

இதைத் தமிழில் அநேகமாக யாரும் எழுதுவதில்லை. பிள்ளைகள்மேல் பாலியல் ஈர்ப்பு உள்ள சிலர் யாரையும் தொட்டதில்லை, தொடவும் விரும்பவில்லை. எண்ணம் குற்றமாகாது, செயல்தான் குற்றம். ஆனால் உதவி கேட்க இடமில்லாமல் தனிமையில் இருப்பது ஆபத்தைக் கூட்டும். ஜெர்மனியின் பெர்லினில் 2005இல் தொடங்கிய ஒரு மருத்துவத் திட்டம் இப்படிப்பட்டவர்களுக்கு ரகசியமாகச் சிகிச்சை கொடுக்கிறது. பிரித்தானியாவிலும் இதற்கென்று தொலைபேசிச் சேவை உண்டு.

திருகோணமலையில் தனிச் சேவை என்று பெயர் போட்ட கதவு இல்லை. ஆனால் மாவட்டப் பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவு இருக்கிறது, தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. "கட்டுப்படுத்த முடியாத எண்ணங்கள் வருகின்றன" என்று சொல்லித் தொடங்கினால் போதும். அதுவரை பிள்ளைகளோடு தனித்திருக்கும் வேலைகளிலிருந்து விலகி இருப்பது அவர் உடனே எடுக்கக்கூடிய நடவடிக்கை.

சிறுவரே இன்னொரு சிறுவரிடம் தவறாக நடப்பதும் உண்டு. 2018ஆம் ஆண்டின் திருத்தத்தின்படி 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைமேல் குற்றவியல் பொறுப்பு சுமத்த முடியாது. 12க்கும் 14க்கும் இடையில் அந்தப் பிள்ளையின் முதிர்ச்சியைப் பார்த்து முடிவெடுக்கப்படும். இங்கே முதலில் தட்ட வேண்டியது பிரதேச செயலகத்தின் கதவு. இரண்டு பிள்ளைகளுக்கும் தனித்தனியே உளசமூக உதவி கேளுங்கள். தவறாக நடந்த பிள்ளையிடம் வேறு யாரோ முன்பு அப்படி நடந்திருக்கிறார்களா என்பதையும் அங்கே மெதுவாகப் பார்ப்பார்கள்.